சூசைக் கிடங்கு

என் வாழ்நாளில் நான் இடம் குறித்துக் கொடுத்த கிணறுகள் பல. அவற்றில் என் பெயரால் அழைக்கப்படுவது ஒன்றே ஒன்று. அதில் தண்ணீர் இல்லை.

(தண்ணீர் இல்லாததைக் கிணறு என்று எப்படிச் சொல்வீர்கள் என்று என் மனைவி கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லி நான் எந்தக் காலத்தில் வென்றிருக்கிறேன்?)

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். அப்பா கடற்றொழிலாளி, பெரியப்பா கடற்றொழிலாளி, சித்தப்பாமார் நால்வரும் அப்படியே. எங்கள் பரம்பரையில் வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கும் முதல் ஆண்பிள்ளை நான்தான். கரை கண்ணுக்குத் தெரியும்போதே காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்துவிடுவேன். மூன்று தரம் பொறுத்துப் பார்த்த அப்பா, நாலாம் தரம், "நீ மீன் பிடிக்க வந்தனியோ, மீனுக்குத் தீன் போட வந்தனியோ?" என்று கேட்டு, என்னைப் படிக்க அனுப்பிவிட்டார்.

படித்தேன். இருபத்திரண்டாம் வயதில் அரசாங்க வேலையும் கிடைத்தது. நிலத்தடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கும் கந்தோரில் உதவியாளன். வேலைக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"தண்ணிக்கு மேல நிக்கத் தெரியாதவன் மண்ணுக்குக் கீழ தண்ணி பாக்கப் போறான்."

அந்த நிமிடம் தீர்மானித்தேன். வன்னியில் ஒரு கிணறு வெட்டுவித்து, அதிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துவந்து அப்பாவின் முன்னால் வைக்காமல் விடுவதில்லை. எனக்குள் அன்று புகுந்த பிடிவாதம் என் தகுதியை விடப் பல மடங்கு பெரியது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

விசுவமடுப் பக்கம் காட்டை வெட்டித் திறந்த ஒரு குடியேற்றம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பதினைந்து குடும்பங்களுக்குக் காணி கொடுத்திருந்தார்கள். நான் போன நேரம் பன்னிரண்டு குடும்பங்கள்தான் மிச்சம். மூன்று குடும்பங்கள் தண்ணீர் இல்லாமல் ஊருக்கே திரும்பிப் போய்விட்டன. குடிக்கவும் குளிக்கவும் அரை மணி நேரம் நடந்து குளத்துக்குப் போக வேண்டும். குளமும் வற்றி, நடுவில் எருமைகள் கிடக்கும் சேறாக வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் அங்கே ஒரேயொரு பொதுக் கிணறு வெட்ட அனுமதி. குடியேறியவர்கள் மண்ணை வெட்ட வேண்டும். கல் வந்தால் கந்தோர் வெடி வைத்துக் கொடுக்கும். எங்கே வெட்டுவது என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

நாங்கள் என்றால் எங்கள் பெரிய ஐயா, ஒரு தொழிலாளி, நான். போய் இறங்கிய அன்றே தொழிலாளிக்குக் குளிரும் நடுக்கமுமாய்க் குலைப்பன் காய்ச்சல் வந்துவிட்டது. பெரிய ஐயா அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வவுனியா ஆசுப்பத்திரிக்குப் புறப்பட்டார். போகும்போது அளவு நாடாவை என் கையில் தந்து, "சனிக்கிழமை வெடிக்காரரோட வாறன், சூசை. அதுக்குள்ள இடத்தைப் பாத்து வையும். கருவியின்ர ஆப்பை நீரே அளந்து, நீரே அடியும். நாடாவை ஒருத்தரிட்டையும் குடுக்காதையும்" என்றார்.

நான் "சரி ஐயா" என்றேன். அந்தச் சரி இரண்டு மணி நேரம் நின்றது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மரப்பெட்டி, அதன் பக்கத்தில் சுற்றுகிற கைபிடி, மேலே ஒரு முள். நாலு இரும்பு ஆப்புகளை ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் நிலத்தில் அடித்துக் கம்பியால் பெட்டியோடு தொடுக்க வேண்டும். கைபிடியைச் சுற்றினால் வெளி ஆப்புகள் இரண்டும் மண்ணுக்குள் மின்சாரத்தை விடும். நடு ஆப்புகள் இரண்டும் அந்த மின்சாரத்துக்கு மண் எவ்வளவு தடை செய்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும். ஈரமண் தடை செய்யாது, காய்ந்த கல் தடை செய்யும். ஆப்புகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்சாரம் ஆழமாகப் போகும். பத்தடி, இருபதடி, முப்பதடி, நாற்பதடி என்று இடைவெளியைக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் முள் காட்டும் எண்ணை இடைவெளியால் பெருக்கிக் கட்டத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். கோடு ஏறினால் கீழே கல். இறங்கினால் கீழே ஈரம். இவ்வளவுதான். ஒரு முட்டாளும் செய்யலாம் என்று நினைத்தேன், செய்தும் காட்டினேன்.

முதல் சோதனையை ஒழுங்கையில் வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் பொதுவான இடம், சண்டை வராது என்ற ஞானம். மாட்டுவண்டி ஒன்று போகும் அளவு மண்பாதை, அதுதான் ஒழுங்கை. இடப்பக்கம் கந்தையா அண்ணையின் காணி, வலப்பக்கம் செல்லம்மாக்காவின் காணி. யாழ்ப்பாணத்து மனிதர் காட்டுக்குள் வந்தாலும் வீட்டுக்கு முன்னம் வேலியைத்தான் போடுவார். அந்த இருவரும் கதியால் நட்டு, முள்ளும் தடியும் அடைந்து, ஒரு கோழி எட்டிப் பார்க்க முடியாத வேலி கட்டியிருந்தார்கள். ஒழுங்கையின் கடைசியில் இரண்டு காணிகளும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே வேலி. அந்த வேலி யாருடையது என்பதில் இருவரும் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை.

கந்தையா அண்ணை ஐம்பது வயது, மெலிந்த ஆள், எதைச் சொல்லும்போதும் ஒரு கண்ணைச் சுருக்குவார். செல்லம்மாக்கா புருஷனை இழந்தபின் தனியாக வந்து, தன் கையாலேயே காடு வெட்டியவர். இருவரும் தங்கள் தங்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, உந்த ஆப்பு என்னத்துக்கு?" என்றார் கந்தையா அண்ணை.

ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நான் புதிதாகப் படித்தவன். பெட்டிக்கு மேல் கையை வைத்து, பிரசங்கம் செய்யும் தோரணையில் விளக்கினேன்.

"வெளி ஆப்பு ரெண்டும் கரண்ட் விட மட்டும், அண்ணை. அதை விடுங்கோ. நடு ஆப்பு ரெண்டும்தான் முக்கியம். அந்த ரெண்டுக்கும் இடையிலதான் கிணறு வரும். அதைச் சுத்திப் பொதுக் கிணத்தடி."

கந்தையா அண்ணையின் கண் சுருங்கியது. மற்றப் பக்கம் செல்லம்மாக்கா, "பொது எண்டால்? எல்லாருக்குமோ?" என்றார்.

"ஓம் அக்கா, எல்லாருக்கும்."

"ம்" என்றார் செல்லம்மாக்கா. அந்த 'ம்'மில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கும் கருவி எங்கள் கந்தோரில் இருக்கவில்லை.

பத்தடி இடைவெளிக்கு நடு ஆப்புகள் ஒழுங்கைக்குள்ளேயே நின்றன. வெளி ஆப்புகளுக்கு மட்டும் வேலி தாண்ட வேண்டியிருந்தது. வேலியில் ஆள் குனிந்து போக ஒரு ஓட்டை விடுவார்கள், பொட்டு என்று பெயர். அதற்குள்ளால் ஒரு தரம் போய் வந்ததில் என் சேட்டின் முதுகு கிழிந்தது. இருபதடிக்கு நாலு ஆப்பும் வேலிக்கு உள்ளே. நாலு முறை பொட்டுக்குள்ளால் தவழ்ந்தேன். வெயில் உச்சியில். என் முழங்கையில் முள்.

அப்போதுதான் கந்தையா அண்ணை வேலிக்கு மேலால், "தம்பி, நீர் ஏன் உத்தரிக்கிறீர்? நாடாவைத் தாரும், என்ர பக்கத்தை நான் அடிக்கிறன்" என்றார்.

"என்ர பக்கத்தை நான் பாக்கிறன், தம்பி. என்ர காணிக்க எனக்குத் தெரியாததோ?" என்றார் செல்லம்மாக்கா, அவர் சொல்லி முடிக்கும் முன்னமே.

இரண்டு வருடம் கதையாத இருவரும் எனக்காக ஒரே வேலையில் இறங்குகிறார்கள் என்று என் மனம் குளிர்ந்தது. நாடாவை முறை வைத்து இருவரிடமும் கொடுத்துவிட்டேன். கந்தையா அண்ணையின் வீட்டிலிருந்து ஒரு கதிரையும் வந்தது. ஒழுங்கை நடுவில், குடையைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "முப்பதடி!" என்று கூவுவேன். இரண்டு வேலிகளுக்குப் பின்னாலும் சுத்தியல் சத்தம் கேட்கும். "ஓம் தம்பி, சுத்தும்!" என்று குரல் வரும். சுற்றுவேன். "நாப்பதடி!" மறுபடியும் சத்தம், மறுபடியும் குரல். இடையில் செல்லம்மாக்கா தேத்தண்ணியும் பனங்கட்டியும் பொட்டுக்குள்ளால் நீட்டினார். அரசாங்க உத்தியோகம் என்றால் இதுதான் என்று நினைத்தேன்.

கட்டத்தாளில் புள்ளிகளைத் தொடுத்தேன். கோடு இருபதடியிலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. அப்படி ஒரு அழகான இறக்கத்தை நான் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. அப்பாவுக்குக் கொண்டுபோகும் போத்தலின் மூடி என்ன நிறம் என்பது வரை யோசித்துவிட்டேன்.

"தண்ணி!" என்று கதிரையில் ஏறி நின்று கத்தினேன். "முப்பதடியில தண்ணி! ஊற்றெண்டால் ஊற்று!"

பன்னிரண்டு குடும்பங்களும் அடுத்த நாள் விடிய வந்து சேர்ந்தன. மண்வெட்டி, அலவாங்கு, கடகம். ஒழுங்கையின் நடுவில் நான் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். செல்லம்மாக்கா வட்டத்துக்கு நடுவில் தேங்காய் உடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் இஞ்ச வந்து நாலு வருசம். என்ர கையைப் பாரும். இவ்வளவும் வெட்டினது நான். மாரிக்கு முதல் கிணறு இல்லையெண்டால், அந்த மூண்டு குடும்பம் மாதிரி நானும் மூட்டை கட்டவேணும். ஊரில எனக்கு இருக்க ஒரு இடமும் இல்லை." கடகத்தை எடுத்துக்கொண்டு மண் அள்ளப் போய்விட்டார்.

"பயப்படாதேங்கோ அக்கா. கருவி பொய் சொல்லாது" என்றேன். அது உண்மைதான். கருவி பொய் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம், பத்தடியில், அலவாங்கின் இரும்பு நுனி 'டங்' என்றது. இன்னொரு இடத்தில் குத்தினார்கள். அங்கேயும் 'டங்'. மண்ணைக் கூட்டிப் பார்த்தால் வட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கருங்கல்.

"கல்லுத் தம்பி" என்றார் கந்தையா அண்ணை.

"மேல்கல்லு" என்றேன். "மெல்லிசாய் இருக்கும். உடையுங்கோ, கீழ ஊற்று."

மறுநாள் முழுவதும் உடைத்தார்கள். ஒரு அடி. மாலையில் ஆட்கள் அலவாங்குகளைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெட்டிய பள்ளத்துக்குள், எங்கள் பேச்சில் கிடங்குக்குள், நானே இறங்கினேன். பேனையை விடப் பாரமானது எதையும் தூக்காத கை. அடுத்த நாள் விடியலிலிருந்து உளியும் சுத்தியலுமாய் அடித்தேன். "இன்னும் ஒரு சாண்! ஒரே ஒரு சாண்!" என்று கீழே நின்று கத்துவேன். மேலே நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இரங்கினார்கள், பிறகு சோறு தின்னப் போனார்கள். கை இரண்டும் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, உளியே பிடிக்க முடியாமல் போனபோது வெள்ளிக்கிழமை பின்னேரம். பன்னிரண்டடி ஆழம். அங்கே இருந்த ஒரே ஈரம் என்னுடைய வியர்வை.

மேலே ஏறி வந்தேன். நாளைக்குப் பெரிய ஐயா வருவார், வெடிக்காரர் வருவார்கள், வெடி வைத்தாலும் தண்ணீர் வராத இந்தக் கல்லை நான் காட்டுவேன். வேலை போகும், அது போகட்டும். அந்த மூட்டை கட்டும் கதைதான் நெஞ்சில் நின்றது. அழுகை வந்தது. வந்ததை மறைக்கக் கந்தையா அண்ணையின் காணிக்குள், பொட்டுக்குள்ளால் புகுந்தேன்.

அங்கே, தலையைக் குனிந்தபடி நடக்கும்போது, ஆப்பு அடித்த ஓட்டைகள் கண்ணில் பட்டன. காய்ந்த மண்ணில் அச்சடித்ததுபோல நின்றன. ஒழுங்கை நடுவிலிருந்து அளந்தேன். வெளி ஆப்புக்குப் பதினைந்தடி, முப்பதடி, நாற்பத்தைந்தடி, அறுபதடியில் நாலு ஓட்டை. சரி. நடு ஆப்புக்குப் பத்தடி, பதினைந்தடி, இருபதடியில் மூன்று ஓட்டை இருக்க வேண்டும். பத்தடியில் ஒன்று இருந்தது. அவ்வளவுதான். பதினைந்தடியில் முதல் அளவைக்கு நான் அடித்த வெளி ஆப்பின் ஓட்டைதான், பக்கத்தில் வேறொன்று இல்லை. இருபதடியில் மிளகாய்க் கன்று.

செல்லம்மாக்காவின் காணிக்குள் ஓடினேன். அங்கேயும் நடு ஆப்புக்கு ஒரே ஒரு ஓட்டை, வேலிக்கு ஒட்டி.

நான் முப்பதடி என்றும் நாற்பதடி என்றும் கத்தியபோதெல்லாம், வெளி ஆப்புகள் நடந்தன, நடு ஆப்புகள் நின்ற இடத்திலேயே நின்றன. நடு ஆப்புகள் கிட்டக் கிடந்தால் முள் குறைவாகத்தான் காட்டும். குறைந்த எண்ணை நான் நாற்பதால் பெருக்கி, இல்லாத ஊற்றைக் கண்டுபிடித்து, கதிரையில் ஏறி நின்று கத்தியிருக்கிறேன்.

"அண்ணை!" என்று கூப்பிட்டேன். "நடு ஆப்பை நீங்கள் நகத்தவே இல்லையோ?"

கந்தையா அண்ணை ஒரு கண்ணைச் சுருக்கினார். "நீர்தானே தம்பி சொன்னீர், நடு ஆப்பு ரெண்டுக்கும் இடையில பொதுக் கிணத்தடி எண்டு. இருபதடி உள்ளுக்கு அடிச்சால் என்ர மிளகாய்த் தோட்டமெல்லோ பொதுவாப் போகும்? வெளி ஆப்பை நான் நேர்மையாத்தான் அடிச்சனான்."

"அப்ப சத்தம் கேட்டதே?"

"நிண்ட ஆப்பிலயே ரெண்டு அடி போட்டனான்."

வேலிக்கு மறுபக்கத்திலிருந்து செல்லம்மாக்காவின் குரல் வந்தது. "அவர் நகத்தமாட்டார் எண்டு எனக்கு முதலே தெரியும். அவர் நகத்தாமல் நான் மட்டும் நகத்த, நான் என்ன விசரியோ?"

சிரிப்பதா, கல்லில் தலையை மோதுவதா என்று தெரியவில்லை. இருவரும் செய்தது அவர்கள் காணியைக் காத்த வேலை. பிழை கதிரையில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுடையது.

ஆனால் அன்று எனக்கு ஒன்று விளங்கியது. தன் ஆப்பை நகர்த்தாத கந்தையா அண்ணை, செல்லம்மாக்காவின் ஆப்பை ஒரு நூல் அளவும் பிழையாக அடிக்க விடமாட்டார். செல்லம்மாக்காவும் அப்படியே. இந்த நாட்டில் இதைவிட நம்பிக்கையான காவல் எனக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

சனிக்கிழமை விடிய இருவரையும் கூப்பிட்டேன். "ஆப்பை அளந்து அடிக்கிறது நான். அண்ணை, நீங்கள் அக்காவின்ர காணிக்க போய் ஆப்புக்குப் பக்கத்தில இருங்கோ. அக்கா, நீங்கள் அண்ணையின்ர காணிக்க. ஒருத்தரும் அசைக்கக்கூடாது."

"என்ர காணிக்க இவரோ?" என்றார் செல்லம்மாக்கா.

"அப்ப அவர் பக்கத்து ஆப்பை ஆர் பாக்கிறது?"

யோசித்தார். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பொட்டுக்குள்ளால் போய், கந்தையா அண்ணையின் மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் குந்திவிட்டார். இரண்டு வருடத்தின்பின் முதல் தடவையாக ஒருவர் காணிக்குள் மற்றவர்.

அன்று நான் செய்த அளவையைப்போல ஒன்றை எந்த நிபுணனும் செய்திருக்கமாட்டான். நான் நாடா பிடிக்க, அவர்கள் முழம் போட்டுச் சரிபார்த்தார்கள். "தம்பி, அவற்ற பக்கத்தில நாலு விரல் குறையுது!" "தம்பி, அவாவின்ர பக்கத்து ஆப்பு சரிஞ்சு நிக்குது!" குடை இல்லை, கதிரை இல்லை. கொப்பளித்த கையால் கைபிடியைச் சுற்றினேன். ஒழுங்கை நடுவில் கோடு ஏறியது: கல். நாற்பது அடி தள்ளினோம்: கல். ஒழுங்கையின் கடைசிக்குப் போனோம். அங்கே முப்பதடி இடைவெளியில் கோடு மெதுவாக இறங்கியது. நான் நம்பவில்லை. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் இறங்கியது. இடம், இருவரின் காணியும் ஒட்டும் அந்த ஒற்றை வேலிக்கு நேர் கீழே.

மத்தியானம் ஜீப் வந்தது. பெரிய ஐயா கிடங்கை எட்டிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"ஆப்பு ஆர் அடிச்சது?"

"நான் இல்லை ஐயா. அதுதான் பிழை. இப்ப நான் அடிச்சு வேறொரு இடம் பாத்திருக்கிறன்." இரண்டு கட்டத்தாள்களையும் நீட்டினேன்.

இரண்டாவதை நெடுநேரம் பார்த்தார். "வேலியை வெட்டவேணுமே. விடுவினமோ?"

எல்லாரும் அந்த இருவரையும் பார்த்தார்கள். கந்தையா அண்ணை செல்லம்மாக்காவைப் பார்த்தார். செல்லம்மாக்கா வேலியைப் பார்த்தார்.

"அவா எவ்வளவு விடுறாவோ, அவ்வளவு நான் விடுறன்" என்றார் கந்தையா அண்ணை. "அளந்துதான்."

"அளக்கட்டும்" என்றார் செல்லம்மாக்கா. பிறகு கத்தியை எடுத்துவந்து, வேலியின் முதல் கட்டைத் தானே வெட்டினார்.

இருபத்தாறு அடியில் தண்ணீர் வந்தது. கலங்கல் தண்ணீர்தான். கந்தையா அண்ணை வாளியை முதலில் செல்லம்மாக்காவிடம் கொடுத்தார். அவர் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றிவிட்டு, மற்றக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் மூட்டை கட்டவில்லை. திரும்பிப் போன மூன்று குடும்பங்களில் இரண்டு அடுத்த வருடம் வந்து சேர்ந்தன.

நான் என் போத்தலை நிரப்பிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போனேன். முழுக் கதையையும் அப்பாவிடம் சொன்னேன், கிடங்கையும் ஒளிக்காமல். அப்பா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணி சுற்றிய என் கையைப் பார்த்தார். கண் கலங்கியது என்று நினைக்கிறேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"கடலில வலை போட்டால், மீன் இல்லாட்டிலும் தண்ணியாவது வரும், மகன்."

அன்று தொட்டு எங்கள் வீட்டில் யார் எதில் தோற்றாலும், சோதனையோ, நேர்முகமோ, கலியாணப் பேச்சோ, கேட்கும் முதல் கேள்வி, "தண்ணியாவது வந்ததோ?"

அந்த நல்ல கிணற்றுக்கு ஊர் வைத்த பெயர் செல்லம்மாக்கா கிணறு. (கந்தையா அண்ணை சாகும்வரை அதைக் கந்தையா கிணறு என்றே சொன்னார்.) ஒழுங்கையின் நடுவில் கிடந்த பன்னிரண்டடிப் பள்ளத்துக்கும் ஒரு பெயர் வேண்டும் அல்லவா? மாட்டுவண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் எச்சரிக்க வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பிறகு கிடங்கைச் சுற்றிக்கொண்டு ஒழுங்கை றோட்டானது, றோட்டில் பஸ் வந்தது, கிடங்கடியில் தரிப்பிடம் வந்தது.

பல வருடம் கழித்து என் மனைவி அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பஸ்ஸில் ஏறினோம். இளம் கொண்டக்டர் எங்கள் இருக்கைக்கு வந்து, "எங்க ஐயா இறங்கிறீங்கள்?" என்று கேட்டான்.

"விசுவமடு தாண்டி… அந்த ஒழுங்கையடியில… ஒரு கிணறு இருக்கெல்லோ…" என்று இழுத்தேன்.

"பேரைச் சொல்லுங்கோ ஐயா. பேர் இல்லாமல் எப்பிடி ரிக்கற் வெட்டிறது?"

மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தாள். தோள் குலுங்கியது. இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமி, சத்தமாகவே சொன்னேன்:

"சூசைக் கிடங்கு. ரெண்டு."